உழவரும் கூலியும்: மூன்று கணக்கெடுப்புகள் சொல்லும் வரலாறு

1972-73இல் மகாராஷ்டிரத்தைக் கடும் வறட்சி வாட்டியது. நிவாரணப் பணிகளில் கல் உடைக்கவும் மண் சுமக்கவும் திரண்டவர்கள் நிலமற்ற கூலிகள் மட்டுமல்லர்; சொந்த நிலமுடைய உழவர் குடும்பத்தினரும் அவர்களுள் இருந்தனர். 1973 மே மாதத்தில் அப்பணிகளில் ஈடுபட்டோர் ஏறக்குறைய 50 லட்சம் பேர். 1977இல் அம்மாநிலம் இயற்றிய வேலை உறுதிச் சட்டத்துக்கு இவ்வனுபவம் வலுச் சேர்த்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரை அவரது முதன்மைத் தொழிலைக் கொண்டு 'சாகுபடியாளர்' என்றோ 'வேளாண் தொழிலாளர்' என்றோ வகைப்படுத்துகிறது. குடும்பத்தின் வருவாய் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு வேளாண் குடும்பங்களின் நிலை குறித்து நடத்திய கணக்கெடுப்புகள் இதைத் தெளிவாக்குகின்றன. 2002-03இல் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருவாய் 2,115 ரூபாய். அதில் பயிரிலிருந்து 969, கூலி மற்றும் சம்பளத்திலிருந்து 819, கால்நடையிலிருந்து 91 ரூபாய். 2018-19இல் மொத்த வருவாய் 10,218 ரூபாய். பயிர் 3,798, கூலி மற்றும் சம்பளம் 4,063, கால்நடை 1,582. பயிரின் பங்கு ஏறத்தாழ 46 விழுக்காட்டிலிருந்து 37 ஆகக் குறைந்தது. கால்நடையின் பங்கு 4 விழுக்காட்டிலிருந்து 15ஐத் தாண்டியது.

இதை ஒரே சீரான வீழ்ச்சியாகக் கொள்வது பிழை. இடையில் 2012-13இல் பயிரின் பங்கு 48 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 'வேளாண் குடும்பம்' என்பதன் வரையறையும் மாறியது. முதற்கணக்கெடுப்பில் நிலம் வைத்திருத்தல் கட்டாயம். 2012-13 முதல் அந்நிபந்தனை நீக்கப்பட்டு, ஆண்டு விளைபொருளின் மதிப்பு அளவுகோலாயிற்று. எனவே இவ்வெண்களை எச்சரிக்கையுடனே ஒப்பிட வேண்டும்.

ஆயினும் நிலத்தின் வரலாறு இப்போக்குக்கு விளக்கம் தருகிறது. வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு சாகுபடி அலகின் சராசரிப் பரப்பு 1970-71இல் 2.28 எக்டேர், 2015-16இல் 1.08 எக்டேர். 2015-16இல் 86 விழுக்காட்டு அலகுகள் இரண்டு எக்டேருக்கும் குறைவானவையாக இருந்தன. இத்துண்டு நிலம் ஆண்டு முழுவதும் வீட்டாருக்கு வேலையும் தருவதில்லை, உணவுக்குப் போதிய வருவாயும் தருவதில்லை. ஆகவே ஒருவர் கட்டட வேலைக்குச் செல்கிறார். இன்னொருவர் பால் கறந்து விற்கிறார். அறுவடைக் காலத்தில் அனைவரும் வயலுக்குத் திரும்புகின்றனர்.

விளைபொருள் விலையும் பயிர்க்கடனும் இன்றியமையாதவை. ஆனால் அவை இவ்வருவாயின் ஒரு பகுதியையே தொடுகின்றன. மழை பொய்க்கும் ஆண்டில் சொந்த விளைச்சலோடு அண்டை வயல்களில் கிடைக்கும் கூலியும் தீவனமும் சேர்ந்தே குறைகின்றன. உழவர் துயரை விளைச்சலை மட்டும் கொண்டு அளக்கும் ஆய்வு, அக்குடும்பம் இழந்ததில் பாதிக்கு மேற்பட்டதைக் காணத் தவறக்கூடும்.