96 கோடி என்ற கணக்கு: திருவையாற்றில் தியானத்தின் ஒரு கதை

உங்க போனில் தியானத்துக்குன்னு ஒரு ஆப் இருக்கா? இருந்தா, அது உங்களுக்கு ஒரு எண்ணைக் காட்டிக்கிட்டே இருக்கும். தொடர்ந்து எத்தனை நாள், மொத்தம் எத்தனை நிமிஷம், எந்த நாளில் விட்டுப்போச்சு. ஒரு நாள் தவறினா அந்த எண் பூஜ்யத்துக்குப் போயிடும். மனசு அமைதியாகணும்னு ஆரம்பிச்ச விஷயத்தில் இன்னொரு பதற்றம் சேர்ந்துடும்.

இந்த எபிசோடில் நான் பேசப்போறதும் ஒரு எண்ணைப் பற்றித்தான்: 96 கோடி. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் அத்தனை முறை ராம நாமத்தை ஜபித்தார் என்பது மரபு. அதை 21 ஆண்டுகளில் முடித்தார் என்றும் சொல்வார்கள்.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 96 கோடியை 21 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றே கால் லட்சம் முறை. 'ராம' என்ற இரண்டு எழுத்துதான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு ஒரு தடவை என்றால் 34 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளில் 24 மணிதானே? விநாடிக்கு இரண்டு தடவை என்றால் 17 மணி நேரம் தாண்டும். அதையும் ஒரு நாள்கூட விடாமல் 21 வருஷம் செய்யணும். நடுவில் அவர் பூஜை செய்தார், சீடர்களுக்குப் பாடம் சொன்னார், உஞ்சவிருத்தி எடுத்தார். அதாவது, தெருத் தெருவாகப் பாடிப் போய், கிடைத்த அரிசியில் குடும்பம் நடத்தினார்.

இதனால் அந்தக் கதை பொய் என்று நான் சொல்ல வரல. அவருடைய வாழ்க்கையைப் பற்றிய பழைய குறிப்புகள் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர், அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதர் போன்ற சீடர்கள் வழியா வந்தவை. அதன் மேல் கதாகாலட்சேபக்காரர்கள் அடுக்கடுக்காகச் சேர்த்தார்கள். பக்தி மரபில் பெரிய எண்கள் ஒரு மனிதரின் ஈடுபாடு எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்லும் மொழி. அதை மீட்டர் ரீடிங் மாதிரி படிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போ அந்த மனிதர் வாழ்ந்த காலத்தைப் பாருங்க. தியாகராஜர் 1767-ல் திருவாரூரில் பிறந்தார். அவருக்கு ஆறு வயது இருக்கும்போது, 1773-ல், ஆற்காட்டு நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். 1776-ல் துளஜா மன்னருக்கு ராஜ்யம் திரும்பக் கிடைத்தது. 1781-ல் ஹைதர் அலியின் படை டெல்டாவுக்குள் புகுந்தது. வயல்கள் நாசமாகின, மாடுகள் போயின, ஊர்கள் காலியாகின. 1799-ல் இரண்டாம் சரபோஜி ஒரு ஒப்பந்தத்தின் மூலம் நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். தியாகராஜருக்கு அப்போது 32 வயது.

தியானம் என்றால் மலை, குகை, ஆள் இல்லாத இடம் என்று ஒரு படம் நம்ம மனசில் இருக்கு. இவர் அப்படி எங்கேயும் போகல. கல்யாணம் ஆனவர், குடும்பஸ்தர். இறப்பதற்குச் சற்று முன்புதான் சந்நியாசம் வாங்கினார். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டி, கடைசியில் காவிரிக்கு வந்து சேருவீங்க. ஐந்து ஆறு, அதனால் ஐயாறு. அந்தக் கரையில், ஒரு சாதாரணத் தெருவீட்டில்தான் அந்த ஜபம் நடந்தது.

டெல்டாவில் இதற்கு முன்பே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மூச்சு வழி. திருவாவடுதுறையோடு தொடர்புடைய திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புள்ள யோகத்தைச் சொல்கிறார். மூச்சை இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32 என்று அளவும் கொடுக்கிறார். (இதை வீட்டில் தனியா முயற்சி பண்ணாதீங்க. அது குருவை வைத்துப் பழகிய வித்தை.) இன்னொன்று, நாம வழி. கோவிந்தபுரத்துப் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள் போன்றவர்கள் வளர்த்தது. நாமம் சொல்ல நேரம், இடம், சடங்கு எதுவும் தடையில்லை என்பது அவர்கள் வாதம். தியாகராஜர் இந்த இரண்டாவது வழியில் வந்தவர்.

இந்த நாம வழிக்கு உடம்பில் ஏதாவது விளைவு உண்டா? 2001-ல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு பி.எம்.ஜே. இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. ஆரோக்கியமான 23 பேர். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், திபெத்திய பௌத்த மந்திரம் சொன்னாலும், அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்ற வேகத்துக்கு இறங்கியது. சாதாரணமாக நமக்கு 12-லிருந்து 20 வரை இருக்கும். ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடம்பின் அனிச்சைச் செயலும் அந்த வேகத்தில் மேம்பட்டது. நாமம் எந்த மதத்துடையது என்பதை விட, ஒரு வரியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுது என்பது முக்கியமாக இருந்தது. கீர்த்தனை பாடிப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு வரியை அறுக்காமல் பாட, மூச்சை நீட்டியே ஆகணும்.

ஆனா இதை அளவோடு எடுத்துக்கணும். 2014-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் 47 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். தியானத்தால் பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு பலன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து மாதிரியான சிகிச்சைகளை விடத் தியானம் மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திட்டு "தியானம் பண்ணு, சரியாயிடும்" என்று யாராவது சொன்னா, தயவுசெஞ்சு கேட்காதீங்க.

தியாகராஜரே இதைப் பற்றி என்ன சொன்னார்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். சாம ராகத்தில் அவர் செய்த 'சாந்தமு லேக' கீர்த்தனையின் கருத்து இது: குடும்பம், பணம், படிப்பு எல்லாம் இருந்தாலும், ஏன், ஜபமும் தபமும்கூட நிறைய இருந்தாலும், சாந்தம் இல்லையென்றால் சுகம் இல்லை. கவனிச்சீங்களா? 96 கோடி ஜபம் செய்தவர் என்று நாம் கொண்டாடும் மனிதர், ஜபத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார். சங்கராபரணத்தில் 'மனசு ஸ்வாதீனமைன' கீர்த்தனையில், மனம் வசப்பட்டவனுக்கு மந்திர தந்திரம் எதற்கு என்று கேட்கிறார்.

அவருடைய எல்லாப் பாட்டும் அமைதியாகவும் இல்லை. ராமனிடம் கெஞ்சுகிறார், கோபிக்கிறார், ஏன் வரல என்று சண்டை போடுகிறார், தன் மனசையே திட்டுகிறார். இத்தனை வருஷ ஜபத்துக்குப் பிறகும் அந்த மனசு அலைந்தது. அலையும்போது என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. திரும்பத் திரும்ப நாமத்துக்கு வந்தார். ஆப் பூஜ்யத்துக்குப் போற அன்னிக்கு நினைச்சுக்கிட வேண்டியது இதைத்தான்னு எனக்குத் தோணுது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1847-ல் அவர் மறைந்தார். நாமம் எல்லோருக்கும் பொது என்று சொன்ன மரபில் வந்தவரின் ஆராதனையில், பெண்கள் பாட அனுமதி இருக்கவில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பியவர், தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். 1925-ல் குடமுழுக்கு நடந்தது. அவர் கட்டிய கோயிலில் அவரே பாட முடியாத நிலையில், பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில் கோஷ்டிகள் ஒன்றான பிறகுதான் எல்லோரும் ஒரே பந்தலில் பாடினார்கள். 1952-ல் அவர் இறந்தார். அவருடைய சமாதி தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி காவிரிக் கரையில் இருக்கு.

திருவையாறு போனா, இரண்டு இடத்திலும் கொஞ்ச நேரம் உட்காருங்க. எத்தனை நிமிஷம்னு எண்ண வேண்டாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.