கை ஓய்ந்தால் செய்தியும் நிற்கும்

தொண்ணூறுகளில் பருத்தித்துறையில் வளர்ந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், ஒரு சைக்கிள் டைனமோக் கதை வைத்திருப்பார்கள். 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குத் தெற்கிலிருந்து மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அது நனையிற அளவு மண்ணெண்ணெய், அதுதான் படிப்பு விளக்கு. இரவில் பிபிசி தமிழோசை கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒராள் பெடலைச் சுத்த வேணும். கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும்.

கரண்டை உண்டாக்கிறது ஒரு வேலை, தேவைப்படும் நேரத்துக்கு அதை வைத்திருக்கிறது வேறொரு வேலை. எங்கட சனம் இதைக் கை நோகப் படித்தது.

பிறகு சுன்னாகத்தில் டீசல் இயந்திரங்கள் ஓடின. டீசல் என்பது தாங்கியில் ஏற்கெனவே சேமித்து வைத்த சக்தி. வேணுமென்றால் கூட்டலாம், குறைக்கலாம். பளைக் காற்றாலைக்கும் கூரைச் சோலாருக்கும் அந்த வசதி இல்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல், நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பட்டதாம் என்று எல்லாரும் சிரித்தோம். ஆனால் அன்று பாவனை குறைவு, வெயில் அதிகம், பெரிய சுழலும் இயந்திரங்கள் ஓடியது கொஞ்சம். கையை விட்டாலும் சைக்கிள் சில்லு சற்று நேரம் சுத்துமே, மின்கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கிறதும் அந்தச் 'சற்று நேரம்'தான். சோலார் பலகையில் சுத்துவதற்கு ஒன்றுமில்லை. அடுத்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பின்னேரம் 3 மணிவரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகலில் வேண்டாமென்ற கரண்டுக்காக இரவில் எண்ணெய் எரிக்கிறோம்.

இதற்கு மருந்து தெரியாததல்ல. பகல் வெயிலைப் பற்றறியில் வைத்து இரவுக்குக் கொடுக்கலாம். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பை மத்தியானத்தில் ஓடவிட்டால் மலிவு என்று கட்டணம் வைக்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு சோலார், காற்றாலையோடு பற்றறியும் சேர்ந்த திட்டம் 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா எதிர்த்தது, திட்டம் நின்றது. 2022 இல் இந்திய நன்கொடையாகத் திரும்பி வந்தது. யாருடைய பற்றறி என்று பெரியவர்கள் சண்டை பிடித்த அந்தக் காலமெல்லாம் தீவுச் சனம் டீசல் கரண்டில்தான் இருந்தது.

அன்று பெடல் சுத்தினது யார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இன்றைய பற்றறியை யார் காசில் வாங்குவது, யாருடைய வீட்டுக்கு முதலில் கொடுப்பது என்பதையும் அப்படியே எல்லாருக்கும் தெரியப் பேசித் தீர்க்க வேணும்.