வண்டலூர் வழி வந்த இரண்டு எஞ்சின்கள்

1953 மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் ஒரு சிறிய திறந்த கார் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. அது ட்ரையம்ஃப் டி.ஆர்.2. ஓட்டியவர் அந்த நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர் கென் ரிச்சர்ட்சன். பானெட்டுக்கு அடியில் இருந்தது 1991 சிசி கொள்ளளவு கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். 32 ஆண்டுகள் கழித்து, 1985-ல், அதே குடும்பத்தைச் சேர்ந்த 1991 சிசி எஞ்சினைச் சுமந்துகொண்டு ஒரு புதிய கார் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்து புறப்பட்டது. பெயர் ஸ்டாண்டர்டு 2000.

ஆங்கிலேயர்கள் காற்று முகத்தில் அடிக்கப் பறந்த ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின், நம் ஊரில் கண்ணாடி ஏற்றிய குடும்பக் காருக்குள் உட்கார்ந்தது எப்படி? அந்த வரலாறு தாம்பரத்தைக் கடந்து பெருங்களத்தூர், வண்டலூர் என்று நீளும் ஜி.எஸ்.டி. சாலையின் வரலாறு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க நினைப்பவர் எஞ்சினின் குணத்தை எப்படிக் கணிப்பது என்பதற்கும் அதைவிட நல்ல பாடம் இந்தியாவில் இல்லை.

சென்னையைச் சேர்ந்த யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும், ட்ரையம்ஃபின் தாய் நிறுவனமான இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கைகோத்து, 1948 இறுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. ஆலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் வண்டலூர். அதே 1948-ல்தான் சென்னையின் வடகோடியில் எண்ணூரை மையமாகக் கொண்டு அசோக் மோட்டார்ஸும் பிறந்தது. அது பின்னாளில் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. தெற்குப் பக்கத்து ஆலை பெரும்பாலும் கார்களோடு நின்றது.

வண்டலூரில் முதலில் உருவான வண்டி ஸ்டாண்டர்டு வான்கார்ட். 2088 சிசி, 68 குதிரைத்திறன். கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பிஸ்டன் 92 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இப்படி நெடிய ஓட்டம் உள்ள எஞ்சின் வேகமாகச் சுழல விரும்பாது. மெதுவாகச் சுழலும்போதே பலமாக இழுக்கும். கவென்ட்ரியில் ஃபெர்குசன் டிராக்டருக்கும் இதன் நெருங்கிய உறவான எஞ்சின்தான் பொருத்தப்பட்டது. அதனால் டி.ஆர். கார்களில் இருப்பது டிராக்டர் எஞ்சின் என்று இன்றும் சிலர் இளக்காரமாகச் சொல்வது உண்டு. அந்தப் பேச்சு நியாயமற்றது. காரும் டிராக்டரும் பங்கிட்டுக்கொண்ட எஞ்சின் அது. வயலில் நாள் முழுக்க உழைக்கும் உரமும் சாலையில் 200 கிலோமீட்டரைத் தொடும் வீரியமும் ஒரே வார்ப்பில் அடங்கியிருந்தன என்பது அதற்குப் பெருமையே தவிரக் குறை ஆகாது.

அதன் அமைப்பில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. சிலிண்டர்களை நேராக பிளாக்கில் குடையாமல், தனித்தனி லைனர்களாக உள்ளே இறக்கியிருப்பார்கள். லைனரைச் சுற்றி ரேடியேட்டர் தண்ணீர் ஓடும். மெக்கானிக்குகள் இதை வெட் லைனர் என்பார்கள். தேய்ந்துபோனால் பிளாக்கை லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் போர் செய்ய வேண்டியதில்லை. புது லைனரும் பிஸ்டனும் போட்டால் எஞ்சின் பழைய அளவுக்கே திரும்பிவிடும். லைனரின் உள்விட்டத்தை மாற்றினால் கொள்ளளவே மாறும். வான்கார்டில் 85 மில்லிமீட்டர். டி.ஆர்.2-ல், இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் ஓட வேண்டும் என்பதற்காக அதை 83-ஆகக் குறைத்து 1991 சிசி ஆக்கினார்கள். 1961-ல் வந்த டி.ஆர்.4-ல் 86-ஆகக் கூட்டி 2138 சிசி ஆக்கினார்கள். டி.ஆர்.2-ல் கொள்ளளவு குறைந்தும் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் பூட்டியதும் சக்தி 68-ல் இருந்து 90 குதிரைத்திறனுக்கு ஏறிவிட்டது. சிசி கணக்கை மட்டும் பார்த்து எஞ்சினை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வண்டலூரின் இரண்டாவது எஞ்சின் சிறியது. குணத்தில் நேர் எதிர்.

1953-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசியாகப் பிறந்த எஞ்சின் அது. அடுத்த ஆண்டே ஸ்டாண்டர்டு டென் காருக்காக 948 சிசி ஆனது. இதே வரிசைக் கார்கள் 1950-களின் நடுப்பகுதியில் வண்டலூரிலும் தயாராகத் தொடங்கின. 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. இத்தாலியரான மிக்கலாட்டி வடிவமைத்த உடல். முன்பக்கம் முழுவதுமாகச் சாய்ந்து திறக்கும் பானெட். குறுகிய தெருவிலும் சட்டென்று திரும்பும் ஸ்டியரிங். அம்பாசடரும் ஃபியட்டுமே அதிகம் கண்ணில் பட்ட சாலைகளில், மூன்றாவது தேர்வாக இந்தச் சின்னக் கார் வந்து நின்றது. 1960-களின் நடுவில் ஏறக்குறைய எல்லா பாகங்களும் இங்கேயே உருவாகும் நிலையை வண்டலூர் எட்டிவிட்டது.

ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. உடல் பகுதிகளைப் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள், கூரையும் அப்படியே. ஆகவே ட்ரையம்ஃப் நிறுவனம் அதே காரைக் கூப்பேயாகவும், 1960-ல் கூரை மடிக்கும் கன்வெர்ட்டிபிளாகவும் எளிதாக விற்க முடிந்தது. சாதாரண ஹெரால்டில் ஒற்றைக் கார்புரேட்டரோடு 35 குதிரைத்திறனைக்கூட எட்டாத 948 சிசி எஞ்சின், கூப்பேயில் இரட்டைக் கார்புரேட்டரோடு 45-ஐத் தொட்டது.

1962-ல் ஹெரால்டு சேஸிஸைக் குறுக்கி, அதே மிக்கலாட்டி வரைந்த உடலை ஏற்றி, ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரை வெளியிட்டார்கள். எஞ்சின் 1147 சிசி, 63 குதிரைத்திறன். வண்டலூர் ஹெரால்டு ஓட்டியவர் ஒருவர் ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் திறந்தால், நெடுநாள் பழகிய முகத்தைப் பார்ப்பது போல் இருக்கும்.

இந்த எஞ்சின் குடும்பம் வளர்ந்த விதத்தை ஸ்பிட்ஃபயர் வாங்க விரும்பும் எவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 803 சிசியில் இருந்து 1296 சிசி வரை பிஸ்டன் ஓட்டம் மாறவே இல்லை, 76 மில்லிமீட்டர்தான். சிலிண்டரின் அகலத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள். அதனால் 1967-ல் வந்த 1296 சிசி ஸ்பிட்ஃபயர் எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுழன்று 75 குதிரைத்திறன் தந்தது. அதற்கு மேல் அகலப்படுத்த இடமில்லாமல் போனபோது ஓட்டத்தை 87.5 மில்லிமீட்டராக நீட்டி 1493 சிசி ஆக்கினார்கள். இழுவை கூடியது, துள்ளல் குறைந்தது. மூன்றே மெயின் பேரிங்குகள் தாங்கும் கிராங்க் மீது சுமையும் ஏறியது. 1980-ல் ஸ்பிட்ஃபயர் நின்றபோது இந்த எஞ்சின்தான் அதில் இருந்தது. பெரிய எண்ணைப் பார்த்து 1500-ஐத் தேர்ந்தெடுப்பவர், உற்சாகமான ஓட்டத்தை விரும்புபவராக இருந்தால் ஏமாறுவார். நிதானமாக ஈ.சி.ஆரில் போக விரும்புபவருக்கு அதுவே பொருத்தம்.

இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் பறந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் வண்டலூர் வேறு பாதையில் போனது. இறக்குமதிக்குத் தடை, உற்பத்திக்கு லைசென்ஸ், பெட்ரோலுக்குச் சிக்கனம் என்று வாழ்ந்த நாட்டில் இரண்டு இருக்கைக் காருக்கு எங்கே இடம்? அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி எல்லோரும் ஏற வேண்டும். 1968-ல் ஹெரால்டு மார்க் 3 நான்கு கதவுகளோடு வந்தது. நான்கு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் தயாராகவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அதை மாற்றியமைத்து கெஸல் என்று பெயரிட்டார்கள். எஞ்சின் மட்டும் அதே 948 சிசி. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் ஸ்விங் ஆக்சில், நம் சாலைகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவரவில்லை. அதை எடுத்துவிட்டு கெஸலில் ஒரே தண்டாக உள்ள பின் ஆக்சிலைப் போட்டார்கள். ஆரம்ப கால ஸ்பிட்ஃபயர்களிலும் அந்த ஸ்விங் ஆக்சில் உண்டு. வளைவில் வேகமாகப் போகும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி நிலைதடுமாறும். 1977-ல் கெஸலும் நின்றது.

கடைசி முயற்சி ஸ்டாண்டர்டு 2000. வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்ட அதே 1985-ல் அது வந்தது. உடல், 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வான ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் அதில் எட்டு சிலிண்டர் 3528 சிசி எஞ்சின் கூட உண்டு. இங்கே அந்த நீண்ட, அகன்ற உடலுக்குள் வைத்தது வான்கார்ட் வழிவந்த 1991 சிசி எஞ்சினை. டி.ஆர்.2-ஐப் போன்ற லேசான திறந்த காரில் சிங்கமாக இருந்த எஞ்சின், கனத்த சொகுசுக் காரில் மூச்சு வாங்கியது. விலை அதிகம், பெட்ரோலும் நிறையக் குடித்தது. மாருதி 800 வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்த நேரம் வேறு. 1988-ல் எல்லாம் முடிந்தது. விற்காமல் நின்ற பாகங்களைப் பின்னர் ரிம்மர் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேய உதிரிபாக நிறுவனம் வாங்கிச் சென்றது. ஆலை இருந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

எஞ்சின் கெட்டது என்று இதில் முடிவு கட்ட முடியாது. பொருந்தாத உடலில் வைத்தால் நல்ல எஞ்சினும் தோற்கும். பழைய கார் பார்க்கப் போகிறவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: எஞ்சினின் சுபாவத்தை வண்டியின் எடையோடும், தான் ஓட்டப்போகும் சாலையோடும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

தாம்பரத்து நெரிசலில் ஊர்ந்து, மேம்பாலம் ஏறி, மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும் ஓட்டத்துக்கு டி.ஆர். எஞ்சின் ஏற்றது. மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி கியர் மாற்றச் சொல்லாது. ஆனால் வாங்கும் முன் ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். லைனரின் அடியில் இருக்கும் எட்டு வடிவ கேஸ்கட் கசிந்தால் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கி எண்ணெய் வெளிறிப் பால்நிறமாகிவிடும். ஹெட்டைக் கழற்றியவர் லைனர்களை அமுக்கிப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றியிருந்தாலும் இதே சிக்கல் வரும். முன்பு வேலை பார்த்தவர் விவரம் தெரிந்தவரா என்று விசாரிப்பது அதனால்தான் முக்கியம்.

ஸ்பிட்ஃபயரிலும் ஹெரால்டிலும் பார்க்க வேண்டியது வேறு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கட்டும். இன்னொருவர் பானெட்டைத் திறந்து கிராங்க் புல்லியைக் கவனிக்கட்டும். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னால் நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று சம்ப்பில் விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து கெடும். சில நூறு ரூபாய் பாகம், எஞ்சினையே பலி வாங்கிவிடும். பிறகு ஓட்டிப் பார்க்கட்டும். சூடேறிய பிறகு ஆயில் பிரஷர் எவ்வளவு விழுகிறது, உயர் சுழற்சியில் சந்தோஷமாக ஏறுகிறதா, முனகுகிறதா என்பவற்றைக் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தேர்வுக்கு இப்போது புதிய அவசியமும் வந்திருக்கிறது. 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்து, நம்பர் பிளேட்டில் வி.ஏ. எழுத்துகளோடு வைத்துக்கொள்ள மத்திய அரசு 2021-ல் வழிசெய்தது. முன்பு 1950-க்கு முற்பட்ட கார்களுக்கே இருந்த இறக்குமதி அனுமதி, 2025-ல் 50 வயது கடந்த எல்லாக் கார்களுக்கும் விரிந்தது. இனி டி.ஆர்.4-ம் ஆரம்ப கால ஸ்பிட்ஃபயரும் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கலாம்.

அவற்றைக் கையாளும் அறிவு இங்கே புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. ஹெரால்டின் 948 சிசி எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய மூத்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் அளவுகளையும் கைப்பழக்கத்தையும் எழுதி வைக்க இது கடைசி வாய்ப்பு. தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ யார் வீட்டு ஷெட்டிலாவது ஒரு நான்கு கதவு ஹெரால்டோ கெஸலோ தூசி படிந்து நின்றால், அதை இரும்புக் கடைக்கு எடைக்குப் போட வேண்டாம். வேறு எஞ்சினை மாற்றியும் வைக்க வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கும்படி அந்த வண்டியைக் காத்துக்கொடுங்கள்.