பீனிக்ஸ் முதல் சாந்திநிகேதன் வரை: 1914–15 மாணவர் பயணமும் மகன்லால் காந்தியும்

பள்ளி மாணவர்களை ஆசிரியர் ஒருவர் வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது இன்று செய்தித்தாளில் அடிக்கடி காணும் நிகழ்வாகிவிட்டது. தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்கள் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். விமானம் பொது மக்களுக்கு எட்டாத காலத்திலேயே இத்தகைய பயணம் ஒன்று நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பீனிக்ஸ் குடியிருப்பில் படித்த சிறுவர்கள் 1914-ஆம் ஆண்டில் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தனர். அவர்களுள் தமிழ்ச் சிறுவர்களும் இருந்தனர். அவர்களை அழைத்து வந்து மாதக்கணக்கில் காத்தவர் மகன்லால் காந்தி. காந்தியடிகளின் வரலாற்றில் சில பத்திகளில் கடந்து செல்லப்படும் இப்பயணம், மாணவர்களுடன் செல்லும் ஆசிரியரின் கடமை என்ன என்பதை விளக்கும் நல்ல சான்றாகும்.

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு இந்திய ஒப்பந்தக் கூலித் தொழிலாளரை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் 'துரூரோ'. அது சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. பின்னர் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த இக்குடியேற்றத்தில் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்களே பெரும்பான்மையினர். அவர்களின் பிள்ளைகள் கரும்புத் தோட்டங்களிலும் நகரங்களிலும் பிறந்து வளர்ந்தனர். பலருக்குத் தமிழ் பேச்சளவில் மட்டுமே தெரிந்தது. எழுத்து தெரியாது.

காந்தியடிகள் 1904-ஆம் ஆண்டு டர்பனிலிருந்து சுமார் 14 மைல் தொலைவில் பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் அச்சகமும் அங்கேயே இயங்கியது. 1910-ஆம் ஆண்டு ஹெர்மன் காலன்பாக் என்ற நண்பர் ஜோகன்னஸ்பர்க் அருகே தமக்குச் சொந்தமான சுமார் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கே சிறுவர்களுக்குத் தமிழ் எழுத்தும் தொடக்க இலக்கணமும் கற்பித்தவர் காந்தியடிகளே. கப்பல் பயணங்களிலும் சிறையிலும் தாம் கற்ற அரைகுறைத் தமிழையும் ஜி.யு.போப் எழுதிய தமிழ்க் கையேட்டையும் வைத்துக்கொண்டே அப்பாடங்களை நடத்தினார். பாடத்துடன் தோட்டவேலை, சமையல், செருப்புத் தைத்தல், கழிவறைத் தூய்மை ஆகியவையும் கல்வியின் பகுதிகளாக இருந்தன. வேலைக்காரர் என்று தனியாக யாரும் இல்லை.

இந்தக் கல்விமுறையில் மற்றொரு கொள்கையும் இருந்தது. மாணவன் தவறினால் அதில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு என்பதே அது. பீனிக்ஸில் இருவர் ஒழுக்கம் தவறினர் என்று அறிந்தபோது காந்தியடிகள் ஏழு நாள் உண்ணாநோன்பு இருந்தார். பின்னர் நான்கரை மாதம் நாளொன்றுக்கு ஒருவேளை மட்டும் உண்டார். மகன்லால் வளர்ந்ததும் இச்சூழலில்தான்.

நான்கு மகன்களை ஒப்படைத்த தந்தை

1913-ஆம் ஆண்டின் சத்தியாக்கிரகத்தில் தமிழர்களின் பங்கு மிகப் பெரியது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறைவாசத்தால் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறாம் வயதில் உயிர்நீத்தார். 1914-ஆம் ஆண்டின் நடுவில் உடன்பாடு ஏற்பட்டது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட முடிவு செய்தார்.

ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த பிரிவு உபசார நிகழ்ச்சியில் தம்பி நாயுடு தம் நான்கு மகன்களைக் காந்தியடிகளிடம் ஒப்படைத்தார். சென்னை மாகாணத்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு மொரீசியசில் பிறந்தவர் தம்பி நாயுடு. போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர். அவருடைய மனைவி வீரம்மாளும் 1913-ஆம் ஆண்டில் சிறை சென்றவர். பிள்ளைகளைத் தாய்நாட்டின் தொண்டுக்கு அனுப்புவதாகவே இக்குடும்பம் கருதியது. ஆனால் அப்பிள்ளைகள் செல்லவிருந்த நாடு அவர்கள் கண்டறியாதது. கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். அழைத்துச் செல்பவர் மீது கொண்ட நம்பிக்கையைத் தவிர அந்தப் பெற்றோரிடம் வேறு உறுதி எதுவும் இல்லை.

பொறுப்பேற்ற இளைஞர்

மகன்லால் 1883-ஆம் ஆண்டு பிறந்தவர். காந்தியடிகளின் ஒன்றுவிட்ட அண்ணன் குஷால்சந்தின் மகன். பொருளீட்டும் எண்ணத்துடன் தென்னாப்பிரிக்கா சென்றவர், அந்த எண்ணத்தைக் கைவிட்டுப் பீனிக்ஸில் சேர்ந்தார். போராட்டத்துக்குப் பெயர் தேடியபோது இவர் 'சதாக்கிரகம்' என்ற சொல்லை அனுப்பினார். அதைத் திருத்தியே 'சத்தியாக்கிரகம்' என்ற பெயர் உருவானது. மாணவர் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு வயது 31.

குழுவில் ஏறத்தாழ இருபது பேர் இருந்தனர். காந்தியடிகளின் மகன்களும் தம்பி நாயுடுவின் மகன்களும் பிற சிறுவர்களும் அதில் அடங்குவர். கோகலேயைச் சந்திப்பதற்காக 1914 ஜூலை 18 அன்று கஸ்தூரிபாயுடனும் காலன்பாக்குடனும் காந்தியடிகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மாணவர்கள் மகன்லாலுடன் நேரே இந்தியாவுக்கு வருவது என்றும், தாம் அவர்களுக்கு முன்னதாக அங்கே சென்றுவிடலாம் என்றும் அவர் எண்ணியிருந்தார்.

ஆகஸ்ட் 4 அன்று இங்கிலாந்து முதல் உலகப்போரில் இறங்கியது. போர்க்காலப் பணியும் மார்புச்சளி நோயும் காந்தியடிகளை இலண்டனில் நிறுத்திவிட்டன. அவர் பம்பாயில் வந்து இறங்கியது 1915 ஜனவரி 9 அன்றுதான். அதற்குள் சிறுவர்கள் இந்தியா வந்துவிட்டனர். அவர்கள் தங்குவதற்கு இடம் உறுதியாகவில்லை. எல்லாரும் ஒன்றாகவே இருக்க வேண்டும், பீனிக்ஸ் வாழ்க்கைமுறை மாறக்கூடாது என்பது காந்தியடிகளின் விருப்பம். சி.எஃப்.ஆண்ட்ரூஸைச் சந்தித்து அவர் சொல்வதுபோல் செய்யுமாறு தந்தி அனுப்பினார். அந்தத் தந்தியை வைத்துக்கொண்டு இருபது பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் ஒழுங்கும் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு மகன்லாலின் தோளில் விழுந்தது.

இரண்டு பள்ளிகளின் விருந்தினர்

முதலில் அவர்கள் தங்கியது ஹரித்துவார் அருகிலுள்ள காங்கடி குருகுலம். 1902-ஆம் ஆண்டு அதைத் தொடங்கியவர் மகாத்மா முன்ஷிராம், பிற்காலத்தில் சுவாமி சிரத்தானந்தர் எனப்பட்டவர். அந்தக் குருகுல மாணவர்கள் முன்பே உடலுழைப்பால் பணம் சேர்த்துத் தென்னாப்பிரிக்கப் போராட்டத்துக்கு அனுப்பியிருந்தனர். ஆகவே பீனிக்ஸ் சிறுவர்கள் அங்கு வரவேற்புடனேயே நுழைந்தனர். முன்ஷிராம் அவர்களைத் தம் பிள்ளைகளாகவே நடத்தினார்.

அடுத்து அவர்கள் சென்றது வங்காளத்திலுள்ள சாந்திநிகேதன். இரவீந்திரநாத் தாகூர் 1901-ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி அது. தாகூர் நோபல் பரிசு பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. ஆண்ட்ரூஸும் டபிள்யூ.டபிள்யூ.பியர்சனும் 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா சென்று வந்தவர்கள். பீனிக்ஸ் குழுவை அவர்கள் அக்கறையுடன் கவனித்துக்கொண்டனர்.

சாந்திநிகேதனில் இக்குழுவுக்குத் தனி இடம் தரப்பட்டது. பாட்டும் நாடகமும் மரநிழல் வகுப்புமாக இருந்த பள்ளி அது. சமையலுக்குச் சம்பள ஆட்கள் இருந்தனர். பீனிக்ஸ் குழுவோ தன் வேலையைத் தானே செய்தது. மசாலா இல்லாத உணவு. அரிசி, பருப்பு, காய்கறி, கோதுமை மாவு எல்லாம் ஒரே நேரத்தில் நீராவிப் பாத்திரத்தில் வெந்தன. விருந்தினராக வந்த இடத்தில் விதிகளைத் தளர்த்திக்கொள்வது எளிது. யாரும் குறை சொல்லமாட்டார்கள். மகன்லால் ஒரு விதியையும் தளர்த்தவில்லை. அதற்காகப் பள்ளியாரின் பழக்கத்தைக் குறை கூறவும் இல்லை. அவருடைய அன்பும் உழைப்பும் சாந்திநிகேதன் முழுவதும் உணரப்பட்டதாகக் காந்தியடிகள் 'சத்திய சோதனை'யில் பதிவு செய்துள்ளார்.

1915 மார்ச் 10

காந்தியடிகள் 1915 பிப்ரவரி 17 அன்று சாந்திநிகேதன் வந்தார். இரண்டு நாளில் கோகலே மறைந்த செய்தி கிடைத்ததால் புனாவுக்குச் சென்று, மார்ச் மாதத் தொடக்கத்தில் திரும்பினார். பள்ளியின் சமையலையும் தூய்மைப் பணியையும் ஆசிரியர்களும் மாணவர்களுமே செய்தால் என்ன என்று அவர் கேட்டார். ஆசிரியர்களுக்கு விருப்பமானால் தமக்கும் மகிழ்ச்சியே என்று தாகூர் இசைந்தார். மார்ச் 10 அன்று பணி தொடங்கியது. சிலர் காய் நறுக்கினர். சிலர் தானியம் புடைத்தனர். பியர்சன் சோர்வில்லாமல் உழைத்தார். பெரிய பாத்திரங்களைத் துலக்குவோர் களைப்படையாதிருக்க, மாணவர் சிலர் அருகில் அமர்ந்து சிதார் வாசித்தனர். ஏறத்தாழ 125 மாணவர்கள் பயின்ற பள்ளியில் இது பெரிய மாற்றமாகும்.

இம்முயற்சி சிறிது காலத்தில் நின்றுபோனது. ஆயினும் வீணாகவில்லை. சாந்திநிகேதனில் ஆண்டுதோறும் மார்ச் 10 'காந்தி புண்ணியாகம்' என்ற பெயரில் நினைவுகூரப்படுகிறது. அன்று பணியாளருக்கு ஓய்வு தந்து மாணவரும் ஆசிரியரும் வேலைகளைச் செய்கின்றனர்.

இந்த நிகழ்ச்சியைக் காந்தியடிகளின் செயலாக மட்டுமே எழுதுவது வழக்கம். அவருடைய பேச்சுக்கு முன்பே பல மாதங்கள் இருபது சிறுவர்கள் அதே வளாகத்தில் தாமே சமைத்து, தாமே துலக்கிக் காட்டியிருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொல்லப்பட்ட யோசனைக்குச் சான்று கண்முன்னே இருந்தது.

அதன் பின்

1915 ஏப்ரலில் ஹரித்துவாரில் கும்பமேளா நடந்தது. மகன்லால் குழுவை அங்கே தொண்டுக்கு அழைத்துச் சென்றார். குழியில் மலத்தை மண்ணிட்டு மூடி அகற்றும் வேலையை அவர்கள் ஏற்றனர். மே 25 அன்று அகமதாபாத் அருகே கோச்ரப்பில் சத்தியாக்கிரக ஆசிரமம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் இருந்த சுமார் 25 பேரில் 13 பேர் தமிழர்கள். அவர்களில் ஐவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இளைஞர்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் காந்தியடிகள் காரைக்காலுக்கு அருகிலுள்ள தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் சென்று, தம்முடன் போராடியவர்களின் சொந்த ஊரைக் கண்டு வந்திருந்தார்.

மகன்லால் பின்னர் சபர்மதி ஆசிரமத்தின் நிர்வாகத்தையும் கதர்ப் பணியையும் தாங்கி நின்றார். 1928 ஏப்ரலில் பாட்னாவில் காலமானார். தம்பி நாயுடுவின் மகன்களுள் ஒருவரான நாரன்சாமி தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பி அங்கும் போராட்டத்தில் ஈடுபட்டார். நாரன்சாமியின் மகன் இந்திரஸ் நாயுடு நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் பத்தாண்டுகள் ராபன் தீவுச் சிறையில் இருந்தார்.

இப்பயணம் கற்பிப்பது

காட்டேரிக்குப்பம் போன்ற கிராமப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஒரு நாள் மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் பேருந்து புறப்படும் ஒவ்வொரு முறையும் தலைகளை எண்ணுகிறார். காலையில் எத்தனை பேரோ மாலையிலும் அத்தனை பேர் வீடு சேர வேண்டும். வெளிநாட்டுப் பயணமானால் கடவுச்சீட்டு, பெற்றோர் இசைவுக் கடிதம், காப்பீடு, மருந்துப் பை எனப் பொறுப்பு கூடுகிறது. இவை எல்லாம் தேவையே. ஆனால் எண்ணிக்கை குறையாமல் திரும்புவதோடு கடமை முடிவதில்லை.

மாணவர் பரிமாற்றம் என்ற சொல்லில் 'மாற்றம்' இருக்கிறது. வந்த பிள்ளைகள் எதைக் கொண்டு வந்தனர், எதைக் கொண்டு சென்றனர் என்பதே அதன் அளவுகோல். பீனிக்ஸ் சிறுவர்கள் தாங்கள் கண்டறியாத தாய்நாட்டையும் இரண்டு பெரிய பள்ளிகளையும் கண்டனர். தங்களை ஏற்ற பள்ளிக்கு உழைப்பின் பெருமையைக் காட்டினர். திட்டமிட்டபடி எதுவும் நடக்காத அந்த மாதங்களில் மகன்லால் பிள்ளைகளைப் பிரியவிடவில்லை, அவர்களின் அன்றாட ஒழுங்கையும் குலையவிடவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு தந்தை வைத்த நம்பிக்கைக்கு அவர் அளித்த மறுமொழி அதுவே.