பிறர்க்கென வாங்கிய படுக்கை

மதுரைக்கு வடக்கே, மேலூர் செல்லும் திசையில், மாங்குளம் என்னும் சிற்றூரை அடுத்து நிற்கும் குன்றின்மேல் ஏறிச் செல்பவர், அங்குள்ள குகைத்தாழ்வாரங்களில், ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவாகப் பாறையைச் செதுக்கி, வழவழப்பாக இழைத்து, தலைமாட்டில் மட்டும் சற்றே உயர்த்தித் தலையணையும் கல்லிலேயே அமைத்திருக்கும் படுக்கைகளைக் காணலாம். மேலே பாறையின் புருவத்தில், மழைநீர் உள்ளே வழியாதபடி ஒரு காடியும் வெட்டப்பட்டிருக்கிறது. ராபர்ட் சிவெல் என்னும் ஆங்கில அதிகாரி 1882-இல் இங்குள்ள எழுத்துகளைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அவை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் நிலைநாட்டினார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டியவை எனக் கருதப்படும் அவ்வெழுத்துகள் நமக்குச் சொல்லும் செய்தி யாது? போர் வெற்றியன்று, அரச வம்சாவளியன்று. கணிநந்தாசிரியன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பவன் இந்தப் பள்ளியை அமைத்துக் கொடுத்தான் என்பதே. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் அங்கே தம் கொடையைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அழகர்மலைக் குகையில் இந்தப் பட்டியல் இன்னும் நீள்கிறது. உப்பு விற்றவன், கொழு விற்றவன், பாகு விற்றவன், மதுரைப் பொற்கொல்லன் என்று, கடைவீதியே திரண்டு மலையேறி வந்ததுபோல் அங்கே பெயர்கள் காணக் கிடக்கின்றன. பட்டு மெத்தையையும் மனைவி மக்களையும் துறந்து வந்த சமண முனிவர்க்குக் கல்லால் ஒரு சயனம் செய்து கொடுப்பது, பகல் முழுதும் தராசு பிடித்த கைகளுக்குப் புண்ணியமாகத் தோன்றியிருக்க வேண்டும். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளில் ஒரு பெரும்பகுதி, படுக்கைக்குச் செலவு செய்தவர் இன்னார் என்று கூறும் ரசீதுகளே என்றால் அது மிகையாகாது. அந்த ரசீதுகளில் ஒன்றேனும், தான் படுப்பதற்காக ஒருவன் செய்துகொண்ட படுக்கையைப் பற்றியதன்று. தமிழகத்தில் படுக்கையின் சரித்திரம் முழுவதற்கும் இதுவே முதல் அத்தியாயம் மட்டுமன்று, சாரமும் ஆகும் என்பது என் அபிப்பிராயம்.

சங்க நூல்களைப் புரட்டினாலும் இதே கதைதான். தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், வீரமுரசை நீராட்டுவதற்காக எடுத்துச் சென்றிருந்த வேளையில், அதற்குரிய கட்டில் மென்மலர்கள் பரப்பப்பெற்று வெறுமனே கிடந்தது. வழிநடந்து களைத்து வந்த மோசிகீரனார் அது யாருக்குரியது என்று அறியாமல் அதன்மேல் படுத்து உறங்கிவிட்டார். வாளால் வெட்டியிருக்க வேண்டிய குற்றம் அது. மன்னனோ விசிறியை எடுத்துப் புலவருக்கு வீசினான். மன்னனின் பெருந்தன்மையைப் போற்றுவதற்காகவே இந்நிகழ்ச்சியைப் புறநானூற்றிலிருந்து எல்லோரும் எடுத்துக்காட்டுவர். எனக்கோ, அரண்மனையில் பூப்பரப்பிய கட்டில் ஒரு தோற்கருவிக்காகக் காத்துக் கிடந்தது என்னும் செய்தியே விசேஷமாகப் படுகிறது. கட்டில் என்பது அக்காலத்தில் உடம்பின் சௌகரியத்தைக் கருதிச் செய்யப்பட்ட வஸ்துவாக இருக்கவில்லை; மரியாதைக்குரிய ஒன்றை மண்ணிலிருந்து உயர்த்தி வைப்பதற்கான பீடமாகவே இருந்தது.

கட்டில் செய்பவனையும் புறநானூறு நமக்குக் காட்டாமல் விடவில்லை. போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர் எவ்வளவு வேகமாக நடந்தது என்பதைச் சொல்ல வந்த சாத்தந்தையார், ஊரில் திருவிழா நெருங்கிவிட்டது, மனைவிக்குப் பிரசவ வேதனை, மழை பெய்துகொண்டிருக்கிறது, பொழுதும் சாய்கிறது என்னும் இத்தனை நெருக்கடிகளுக்கு நடுவே, தோல்வாரைக் கட்டிற் சட்டத்தில் இழுத்துப் பின்னும் ஒரு தொழிலாளியின் கையிலுள்ள ஊசியின் ஓட்டத்தை அதற்கு ஒப்பிட்டார். பாடல் மன்னனுக்காகப் பாடப்பட்டது. ஆனால் படித்து முடித்த பின் நம் மனத்தில் நிற்பவன், வேலையை இன்றே முடித்தாக வேண்டிய அந்த ஏழைதான். கட்டிலை யாரோ கேட்டிருந்தார்கள், நாளை என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. தச்சுப்பட்டறைக்குக் கல்யாண அவசரத்தில் போய் நிற்கும் இக்காலத்துக் கிருகஸ்தர் இந்தப் பாடலை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது.

தமிழ் இலக்கியத்தில் மிகச் சிறந்த கட்டிலை வர்ணித்தவர் நக்கீரர். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவிக்கு அவர் அமைத்துக் கொடுக்கும் வட்டக்கட்டில், போரில் வீழ்ந்த நாற்பது வயதுக் களிற்றின் தந்தத்தைக் கைதேர்ந்த தச்சன் சீவிச் செதுக்கிச் செய்தது. முத்துச் சரங்கள் தொங்குவது. துணையோடு கூடிய அன்னங்களின் தூவியால் ஆன மெத்தை விரித்தது. அத்தனையும் இருந்தும் அரசி அதில் உறங்கவில்லை. மன்னன் பாசறையில் இருக்கிறான்.

எந்த மரத்தில் கட்டில் செய்யலாம் என்பதற்கும் நம் நாட்டில் சாஸ்திரம் இருந்தது. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத்சம்ஹிதையில் படுக்கைக்கும் ஆசனத்துக்குமென ஓர் அத்தியாயமே ஒதுக்கி, சந்தனம், தேவதாரு, தேக்கு, வேங்கை முதலியவற்றை உத்தமம் என்றும், இடி விழுந்த மரம், யானை சாய்த்த மரம், பறவைகள் கூடு கட்டியிருந்த மரம், சுடுகாட்டில் வளர்ந்த மரம் ஆகியவற்றை விலக்க வேண்டும் என்றும் விதித்தார். அரசனுக்கு நூறு அங்குலம், இளவரசனுக்குத் தொண்ணூறு, மந்திரிக்கு எண்பத்துநான்கு என்று பதவி இறங்க இறங்கக் கட்டிலும் குறுகிக்கொண்டே போகிறது. புரோகிதருக்கு எஞ்சுவது எழுபத்திரண்டுதான். புரோகிதர்கள் எல்லோரும் குள்ளர்களாயிருந்தார்களா என்று நாம் கேட்கக் கூடாது. நான்கு வகை மரம் வரை கலக்கலாம், செல்வமும் கீர்த்தியும் வரும். ஐந்தாவது சேர்ந்தால் படுத்தவன் எழமாட்டான் என்பதும் அவர் வாக்கு. மிச்சத் துண்டுகளை ஒட்டிக் கட்டில் என்று விற்கும் பட்டறைகளை அன்றே கண்டிருப்பாரோ என்னவோ!

இவையெல்லாம் அரசர், தெய்வம், துறவி ஆகியோரின் கதை. மதுரையில் இன்றும் இரவுதோறும் சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருளி மீனாட்சியின் பள்ளியறைக்குச் செல்கின்றன. அந்த ஊஞ்சற் பள்ளியைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பிய பக்தர் தலைமுறை தலைமுறையாகப் பாயில்தான் படுத்தார். பாயை இரவில் விரித்துக் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால், பள்ளியறை கூடமாகிவிடும். பத்துப் பேர் உறங்கிய இடத்தில் பத்துப் பேர் சாப்பிடலாம். மூட்டைப்பூச்சிக்கும் அதில் வாசம் குறைவு. சிவன் இமயத்திலும் விஷ்ணு பாற்கடலிலும் படுத்திருப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்தே என்று வடமொழியில் ஒரு வேடிக்கைச் சுலோகம் உண்டு. கயிற்றுக்கட்டிலை வெயிலில் போட்டுக் கொதிநீர் ஊற்றிய அனுபவம் உள்ளவர்கள் அதை வேடிக்கை என்று நினைக்கமாட்டார்கள்.

பாயிலும் உயர்வு தாழ்வு இருந்தது. தாமிரபரணிக் கரையின் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, நூலோடு போட்டியிடும் நுண்மைக்குக் கிழித்து, சாயமேற்றி நெய்யும் பத்தமடைப் பாய், திருநெல்வேலிச் சீமையில் கல்யாணத்திற்கென்றே தனியாகச் சொல்லி நெய்யப்படும். மணமக்களின் பெயர்கள் அதிலேயே ஊடுபாவாக அமையும். லெப்பைமார் குடும்பங்களின் கைத்திறம் இந்து வீட்டு மணவறைக்குச் செல்வது அங்கே யாருக்கும் வியப்பாகத் தோன்றியதில்லை. மெத்தைக்கு இலவம்பஞ்சு. மெழுகுபோன்ற வழுவழுப்பும் உள்ளே காற்றறையும் உடைய இலவ இழையை நூலாக நூற்பது அரிது. ஆகவே தலையணையும் மெத்தையுமே அதற்கு விதித்த கதி. போடிநாயக்கனூர்ப் பக்கத்துத் தோப்புகளில் வெடித்த காய்களைச் சேர்த்து, விதை நீக்கி, மூட்டைகளாகக் கட்டி ஊரூருக்கு அனுப்பினர். நாளடைவில் கட்டிதட்டிப்போன பஞ்சைத் திண்ணையில் கொட்டி, வில்லின் நாண் ஒலிக்க அடித்துப் புதுப்பித்துக் கொடுக்கப் பஞ்சுகொட்டிகள் தெருவில் குரல் கொடுத்து வருவார்கள்.

கட்டில் சாமானிய வீட்டிற்குள் நுழைந்தது பெண்ணின் சீர்வரிசையோடு. பணம் கொடுப்பவர் பெண்ணின் தகப்பனார். மரம் வைரமா வெளிறா என்று விரலால் தட்டிப் பார்ப்பவர் மாப்பிள்ளையின் தாயார். கடைசல் காலின் அழகைத் தாமே புகழ்ந்துகொள்பவர் ஆசாரி. அதில் படுக்கப்போகும் இருவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஒருவர் இறந்தால் ஈமக்கிரியைகளின் முடிவில் சய்யாதானம் என்று பாய், தலையணை, வசதியுள்ளவர் வீட்டில் கட்டிலும் மெத்தையும் தானமாகப் போகும். அதையும் பிறருக்கென்றே வாங்குவார்கள்.

செட்டிநாட்டார் பர்மாவில் வாணிகம் செழித்த காலத்தில் ரங்கூன் தேக்கில் செய்வித்த கட்டில்கள், 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து அந்தச் செல்வத்தின் ஊற்றுக்கண்ணை அடைத்த பிறகு, வீடுகள் பாகம் பிரிந்து இடிபட இடிபட, காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. முனீசுவரன் கோயில் தெருவில் அவை அக்கக்காகக் கழற்றிச் சுவரில் சாத்தப்பட்டிருக்கும். விலை கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியூரார். கழுந்தும் துளையும் பொருந்துகின்றனவா, செல் அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இக்காலத்து அரையடி மெத்தையை இதன்மேல் இட்டால் ஏறுவதற்கு முக்காலி வேண்டுமே என்று யோசிப்பார்கள். பக்கத்துத் தெருவின் புதுக்கடையிலோ, செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைமேல் மல்லாந்து படுத்து, முதுகு வலிக்கு இது ஒத்துவருமா என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கடைக்காரரும் அவர்கள் எழுந்திருக்கட்டும் என்று பொறுமையாக நிற்கிறார்.