மாமாவுக்கு ஈற்றில் ஒரு ககரம்

கோலாலம்பூரில் நள்ளிரவில் பசியெடுத்தால் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடின்றி எல்லார் வாயிலும் வருவது "ஜொம் மாமாக்" என்பதுதான். 'ஜொம்' என்றால் வா, போகலாம். 'மாமாக்' என்றால் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடை; அதை நடத்துகிறவருக்கும் அவர் சமூகத்துக்கும் அதுவே பெயர். ஓர் ஆளைக் குறித்த பெயர் இனத்தைக் குறித்து, பிறகு இடத்தைக் குறித்து, இன்று அங்கே போய் உட்கார்ந்து ரொட்டி சானாயும் தே தாரிக்கும் எடுத்துக்கொண்டு பொழுதைக் கழிக்கும் செயலையே குறிக்கிறது. உள்ளே இருப்பவர் நம்முடைய மாமா என்று காதில் விழுந்ததுமே தெரிந்துவிடும். ஈற்றில் அந்தக் ககர மெய் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பதுதான் சொல்லை நேசிப்பவர்களாகிய நாம் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு.

முதலில் மாமாவைப் பார்ப்போம். மாமன், அம்மான், அம்மாமன் என்று தமிழிலும், மாவ என்று கன்னடத்திலும், மாம என்று தெலுங்கிலும், அம்மாவன் என்று மலையாளத்திலும் கிளைத்து நிற்கும் சொல் இது. வடமொழியிலும் 'மாம' உண்டு. யார் யாரிடம் பெற்றார்கள் என்ற வழக்கு அறிஞர்களிடையே இருக்கிறது, அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் அம்மான் என்ற வடிவத்தில் ஒரு நயம் இருக்கிறது. ஆழ்வார்கள் பெருமாளைத் தலைவன் என்ற பொருளில் அம்மான் என்றே அழைத்தார்கள். ஊர்வழக்கில் அதே ஒலி தாயோடு பிறந்தவனைக் குறித்தது. உதடு இரண்டும் சேர்ந்து பிரியும் மகரத்தில் தொடங்கி, வாய் முழுதும் திறக்கும் ஆகாரத்தில் முடியும் மாமா, குழந்தை எளிதில் சொல்லிப் பழகும் ஒலிகளால் ஆனது. அப்படிப்பட்ட சொல் கடல் கடப்பதற்கு என்ன தடை?

கடந்தவர்கள் இராமநாதபுரம், நாகூர், கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம்கள். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களில் சிலர் தோளில் காவடித்தண்டு வைத்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறிக்குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். தோளில் தண்டு வைத்துச் சுமப்பதற்கு மலாயில் 'கண்டார்', சோற்றுக்கு 'நாசி'. நாசி கண்டார் என்ற பெயரில் சோறு மட்டுமல்ல, அதைத் தூக்கி வந்த தோளும் இருக்கிறது. பினாங்கின் ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கியது. தலைமுறை பல கடந்தும், காவடி போய்க் கண்ணாடிப் பெட்டி வந்தும், கண்டார் என்ற பெயர் போகவில்லை.

இனி ககரத்துக்கு வருவோம். மலாயில் முறைப்பெயர்கள் சிலவற்றை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்: தந்தை பாப்பாக், அக்காள் காகாக், இளையவர் அடிக், பாட்டி நெனெக், தாத்தா டத்தோக். எல்லாமே ககரத்தில் முடிகின்றன. அந்தக் ககரமோ நாம் உச்சரிப்பது போல நாவின் அடியிலிருந்து வெடித்து வெளியே வருவதில்லை. தொண்டையிலேயே காற்று அடைபட்டு நின்றுவிடும். பாப்பா என்ற சொல் அழைக்கும்போது பாப்பாக் ஆவது அவர்கள் மொழியின் இயல்பு. மாமாவும் அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்ததும் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் போலவே ககரம் பூண்டது.

நாமோ வல்லின மெய்யை ஈற்றில் வைத்துப் பழகாதவர்கள். கிளப் நம் வாயில் கிளப்பு ஆகும், டிக்கெட் டிக்கெட்டு ஆகும். ஆனால் மலேசியத் தமிழர் 'மாமாக் கடை' என்கிறபோது ஒரு வேடிக்கை நடக்கிறது. உயர்திணைப் பெயர் உயிரீற்றில் நின்றால் வல்லினம் மிகாது என்பது நன்னூல் விதி. மாமா கடை என்றுதான் புணர வேண்டும். அங்கே மலாய்த் தொண்டையடைப்பு வந்து, பலாச்சுளையில் சகரம் மிகுவது போல, ககரத்தை மிகச்செய்துவிடுகிறது. நன்னூல் எழுதிய பவணந்தியார் கேட்டால் பிழை என்பார். வரலாறு தெரிந்தால் சிரித்துவிட்டு இருந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

தமிழ்ப் பெருமையில் ஒன்றை மறைத்துவிடக் கூடாது. மலாய் உலகத்துக்கு மாமாக் என்ற ஒலி புதிதன்று. சுமத்ராவின் மினாங்கபாவு மக்கள் தாய்வழிக் குடியினர். அவர்களிடையே தாயின் உடன்பிறந்தவன்தான் மாமாக், குடும்பத்தில் பெரிய சொல் அவனுடையதுதான். அதனால் கடையை மாமாக் என்பதில் தமிழ் மாமா மட்டும் இருக்கிறார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒலியும் பொருளும் ஏறத்தாழ ஒன்றான இரு சொற்கள் ஒரு துறைமுகத்தில் சந்தித்து ஒன்றாகிவிட்டன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கடை 'கெடாய்' ஆனதிலும், முதல் 'மோடால்' ஆனதிலும் இந்த ஐயத்துக்கு இடமில்லை, அவை நம்முடையவை.

சோறு போடுகிறவரை ஏன் முறை சொல்லி அழைக்க வேண்டும்? திருச்சிக்கு அருகே நான் வாழும் ஜீயபுரத்துக் கதையே இதற்கு விடை சொல்லும். ஜீயர்புரம் என்று ரகர மெய்யோடு சொல்வோரும் உண்டு. நாங்கள் பேச்சில் அதைக் கரைத்துவிட்டோம். பங்குனி உற்சவத்தில் திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாள் அங்கிருந்து இங்கே எழுந்தருளுவார். காவிரிக்குப் போன பேரன் ரெங்கன் திரும்பவில்லை என்று தவித்த பாட்டியிடம், பெருமாளே ரெங்கன் வடிவில் வந்து பழையதும் கீரையும் மாவடுவும் உண்டார் என்பது ஊர்ப்பெரியவர்கள் சொல்லும் கதை. மடைப்பள்ளித் தளிகையை விட்டு வெளியே வந்து சாப்பிட நினைத்த கடவுளுக்கும் ஒரு முறை தேவைப்பட்டது. பாட்டிக்குப் பேரன் ஆனால்தான் இலை விழும். நம் தெருக்களைப் பாருங்கள், ஆயா இட்லிக்கடை, அக்கா கடை, திருவரங்கத்து வீதிகளில் மாமி மெஸ். காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறோம். ஆனாலும் முறை சொல்லாமல் வாங்க நமக்கு மனம் வருவதில்லை.

தமிழே தாய்மொழியான முஸ்லிமின் பிரியாணிக் கடையைத் தமிழ்நாட்டில் 'பாய் கடை' என்கிறோம். பாய் என்பது இந்துஸ்தானியில் அண்ணன் தம்பி. தகப்பனை அத்தா என்றழைக்கும் இராவுத்தருக்குச் சொந்த மண்ணில் கிடைத்தது வடக்கத்தி முறைப்பெயர். மலாய்க்காரர் நாட்டில் கிடைத்ததோ தமிழில் மாமனைக் குறிக்கும் ஒலி. இதைவிட வியப்பான சொல்வழி எனக்குத் தெரியாது. இரண்டு பெயர்களுமே சொல்கிறவரின் தொனியைப் பொறுத்து அன்பாகவும் படும், இளப்பமாகவும் படும். மாமாக் என்று அழைப்பதை விரும்பாத தமிழ் முஸ்லிம்கள் மலேசியாவில் உண்டு. நம்மூரிலும் மாமா தாழ்ந்த பொருளுக்கு இறங்கியிருக்கிறார். 'மாமா வேலை' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

மாமாவைத் தொடர்ந்து உறவினர் பலரும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பரிமாறுகிறவரைச் சீன இளைஞர் 'அனே' என்று கூப்பிடுவது நம் அண்ணே. எல்லா இனத்தாரும் தோளில் தட்டிச் சொல்லும் 'மச்சா' நம் மச்சான். சிலவேளை ஒரே செயலை இரு மொழிகளும் இருவிதமாகப் பார்க்கும்: இரு குவளைக்கிடையே தேநீர் உயர எழுந்து விழுவதைக் கண்ட மலாய், இழுவை என்ற பொருளில் 'தாரிக்' என்றது, சூடு தணிவதைக் கருதிய தமிழ் 'ஆற்றுதல்' என்றது. இந்தக் கடைகளையும் மேசைகளையும் உலகமும் கவனித்துவிட்டது: சிங்கப்பூரின் அங்காடிக் கடைப் பண்பாட்டை 2020இலும், நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை 2024இலும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் பறக்கிறது. உங்கள் வீட்டிலும் யாரேனும் போய்வந்துகொண்டிருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது, கடையில் என்ன சொல்லிக் கேட்கிறார்கள், பொட்டலத்துக்கு என்ன சொல்கிறார்கள், பரிமாறுகிறவரை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.