அரண்மனையோடு மறைந்த எழுத்து



கி.மு. 1200ஆம் ஆண்டையொட்டி, மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி நாடுகளைப் பெரும் வீழ்ச்சியொன்று சூழ்ந்தது. வறட்சி, பஞ்சம், படையெடுப்பு, வாணிப முடக்கம் ஆகியவற்றை அதன் காரணங்களாக ஆய்வாளர்கள் கூறுகின்றனர். இன்றைய துருக்கியில் கோலோச்சிய ஹிட்டைட் பேரரசின் தலைநகர் ஹத்துசா பாழடைந்தது. சிரியாவின் துறைமுகப் பட்டினமான உகாரித் எரிந்து அழிந்தது. மீண்டும் நகரமாக எழவேயில்லை.

கிரேக்கத்தின் மைசீனிய அரண்மனைகள் பலவும் தீக்கிரையாயின. அங்கே ஏறத்தாழ 90 குறிகள் கொண்ட எழுத்துமுறை இருந்தது. ஆட்டையும் எண்ணெயையும் கணக்கெழுதிய அரண்மனைக் கணக்கர்களே அதனை அறிந்திருந்தனர். அரண்மனை வீழ்ந்தது, எழுத்தும் மறைந்தது. சுமார் 400 ஆண்டுகள் அந்நிலம் எழுத்தின்றிக் கிடந்தது.

அதே புயலில் நிலைத்து நின்றோரும் உண்டு. அவர்கள் இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பினீசிய வணிகர்கள். அவர்களிடம் வழங்கியவை எளிதில் கற்கத்தக்க 22 எழுத்துகளே. கிரேக்கர்கள் மீண்டும் எழுதக் கற்றது அவர்களிடமிருந்துதான். அவ்வெழுத்தே அரமேய, நபத்திய எழுத்துகளின் வழியே வளர்ந்து, நாம் ஓதும் அருள்மறையின் அரபு எழுத்தாகவும் மலர்ந்தது.

சிலரிடம் பூட்டப்பட்ட அறிவு அவர்களோடு மாய்ந்தது. பலருக்கும் பகிரப்பட்ட அறிவோ பேரழிவையும் கடந்தது. நீங்கள் கற்றதை உங்கள் மகனுக்கும் மகளுக்கும் கற்பித்துவிட்டீர்களா? சிந்திப்பீர்களாக!